சீனத்துக் காவல்

லண்டன்,
12.02.2024

அன்புள்ள அக்கா,

இங்கே நானும் உங்கள் மச்சாளும் மகள் தர்சிகாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். குளிர்தான் எலும்புவரை போகிறது. உங்களுடைய பிறஷர் எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, இல்லை பழையபடி பாதியை உடைத்து அடுத்த கிழமைக்கு வைக்கிறீர்களா?

போனில் கதைக்கமாட்டேன், எதுவென்றாலும் எழுத்தில் வை என்று நீங்கள் சொல்லி வைத்திருப்பதால் எழுதுகிறேன். விஷயம் பெரிதில்லை. தர்சிகா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடக் கட்டுரைக்கு ஒரு சண்டையை எடுத்திருக்கிறாள். 1860இல் இங்கிலாந்தும் பிரான்ஸும் சேர்ந்து சீனாவின் கரையோரக் கோட்டைகளை அடித்துப் பிடித்த சண்டை. டாக்குக் கோட்டைகள் என்று பெயர். ஆறு கடலில் விழும் இடத்தில், பீக்கிங்குக்குப் போகும் வழியைக் காத்து நின்ற மண் கோட்டைகள். அதற்கு முதல் வருடம் வெள்ளைக்காரர் அதே இடத்தில் நல்ல அடி வாங்கிக்கொண்டு திரும்பினார்களாம். அந்த ரோஷத்தில் அடுத்த வருடம் சீக்கியரையும் மதராஸ் படையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த மதராஸ் படையின் ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவள் ஒரு பெயரைக் கண்டாள். முத்துக்குமாரு, யாழ்ப்பாணம், காயம் கட்டுபவர். அக்கா, எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மாவின் பூட்டனை ஊரில் ‘சீனத்து முத்துக்குமாரு’ என்றுதானே சொல்வார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் காயம் கட்டப் பழகி, மதராசுக்குப் போய், சீனா பார்த்துத் திரும்பினவர்.

அவர் கொண்டுவந்த ‘சீனத்துக் காவல்’ பலகை உங்கள் சாமி அறையில்தானே இருக்கிறது? அதன் இரண்டு பக்கத்தையும் வடிவாய்ப் படம் எடுத்து அனுப்பினால் பிள்ளைக்குப் பெரிய உதவி. அதில் ஏதோ எழுத்து வெட்டியிருந்ததாக எனக்கு ஞாபகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சாளும் தர்சிகாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

தம்பி,
யோகநாயகம்


மானிப்பாய்,
03.03.2024

தம்பி யோகன்,

உன் கடிதம் வந்தது. வந்தது என்பதைவிட, யாரோ பார்த்துவிட்டு அனுப்பி வைத்தார்கள் என்று சொல்லலாம். உறையின் ஒரு பக்கத்துப் பசை பழசு, மற்றப் பக்கத்துப் பசை புதிசு. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள். நான் சுகம். பிறஷர் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மச்சாளின் முழங்கால் எப்படி?

முதலில் ஒரு கேள்வி. இதைக் கேட்டது தர்சிகாவா, நீயா, இல்லை தர்சிகாவைக் கொண்டு கேட்பிக்கிற வேறு யாராவதா? சீனா என்ற சொல்லே இப்போது இங்கே ஆகாது. தீவுப் பக்கம் எந்த வெள்ளைத் தோல்காரன் போனாலும், சீனாக்காரன் போனாலும், பின்னால் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் போய் விசாரிக்கிற காலம். நீ சீன எழுத்தைப் படம் எடுத்து அனுப்பு என்கிறாய்.

அது என்ன பொருள் என்று நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வெளிக்கிடுகிற ஆண்பிள்ளை அதைத் தொட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவான். முத்துக்குமாரு வந்தார். மலாயாவுக்குப் போன அம்மப்பாவின் தம்பிமார் வந்தார்கள். நீ 89இல் தொட்டுவிட்டுப் போனாய். முப்பத்தைந்து வருடமாக வரவில்லைதான், ஆனாலும் உயிரோடு இருக்கிறாய், அதனால் உன்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

என் பிள்ளை கீர்த்திகனும் தொட்டுவிட்டுத்தான் போனான். 2007 தை 22, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. மருதனார்மடம் சந்தைக்குப் போய்விட்டு வாறன் என்றான். நான் குசினிக்குள் நின்றபடி, “காவலைத் தொட்டியோ?” என்று கேட்டேன். “ஓம் அம்மா” என்றான். சைக்கிள் சந்திக் கடைச் சுவரில் பூட்டினபடி நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு போனவர்களைக் கண்டவர்கள் உண்டு, சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் காவல் இந்த அறையில் இருக்கும்வரை பிள்ளை இருக்கிறான். சாத்திரி சொன்னதற்காக நான் நம்பவில்லை, எனக்கே தெரியும்.

ஐந்து விசாரணைக் குழுவுக்கு வாயால் சொல்லியிருக்கிறேன். ஐந்து தரமும் வேறு வேறு விதமாக எழுதினார்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழின் மூலத்தை ஒருவன், “காட்டிப்போட்டு நாளைக்குத் தாறன் அம்மா” என்று வாங்கிப் போனான். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆகவே என் வீட்டிலிருந்து ஒரு பொருளும், அதன் படமும் வெளியே போகாது.

கடைசியாக ஒன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், கீர்த்தியைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடவுள் துணை இருக்கட்டும்.

அக்கா,
உதயகலா


லண்டன்,
25.03.2024

அன்புள்ள அக்கா,

மச்சாளின் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், இப்போது படி ஏறுகிறாள். நீங்கள் வெயிலுக்குள் சந்திக்கு நடந்து போகாமல் ஓட்டோ பிடியுங்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டது தர்சிகாதான். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அவளுக்குப் பின்னால் போய் ‘சாப்பிடு’ என்று சொல்லவே எங்களுக்குப் பயம்.

முத்துக்குமாரு பார்த்த சண்டையை அவள் எனக்கு மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டியையும் வைத்து விளங்கப்படுத்தினாள். ஆவணி 21, விடியத் தொடங்கிய பீரங்கி. கோட்டையைச் சுற்றி அகழி, அகழிக்கு இந்தப் பக்கம் சீவின மூங்கில் முளைகள், முழங்கால் புதைகிற சேறு. உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து வானம் கறுத்தது. அதற்குப் பிறகும் உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லையாம். வில்லும் பழைய துவக்கும், கையில் கிடைத்த கல்லும். ஏணி வைத்து ஏறினவர்களை ஈட்டியால் தள்ளினார்கள். பத்து மணிக்கு முதலே முடிந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனர் அந்த ஒரு கோட்டைக்குள் செத்துக் கிடந்தார்கள். இந்தப் பக்கத்தில் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டத்தான் எங்கள் ஆள் போனவர். மானிப்பாயில் பழகின கை, எங்கே போய்க் கட்டியிருக்கிறது பாருங்கள்.

படம் வேண்டாம் என்றால் விடுங்கள். ஒரு மெல்லிய பேப்பரை அதற்கு மேல் வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்து பதியும். சின்ன வயதில் சதக்காசை வைத்துத் தேய்ப்போமே, அந்த மாதிரி. அது போதும். பொருள் உங்கள் கையைவிட்டு ஒரு அங்குலமும் அசைய வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

யோகன்


மானிப்பாய்,
20.04.2024

தம்பி,

வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைத்து முழுகினேன், கைவிசேஷக் காசு தர ஆளில்லை. மற்றப்படி சுகம். மச்சாளைப் படி ஏறி இறங்கி விளையாட விடாதே.

நீ சத்தியம் செய்து எழுதினபடியால் யோசித்தேன். சத்தியம் செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறது, ஆனாலும் நீ என் தம்பி. காவலை இறக்கி வைத்துத் தேங்காய் எண்ணெயால் துடைத்தேன். எத்தனை வருடத்துச் சந்தனம்! நகத்தால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை அளவுப் பலகைக்குள் இவ்வளவு எழுத்து இருக்கிறதென்று எனக்கே இப்போதுதான் தெரியும். மேலே கயிறு கட்டுகிற துளை. பித்தளை வளையம் ஒன்றும் இருக்கிறது.

நீ சொன்னபடி பென்சிலால் தேய்த்தேன். மேல் பாதியை மட்டும் இத்துடன் வைக்கிறேன். கீழ்ப் பாதி என்னிடம் இருக்கட்டும். உன் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுப்பேன். கோபிக்காதே. முழுதாகக் கொடுத்து ஏமாந்தவள் நான்.

இந்த முறையும் கீர்த்தியைப் பற்றி நீ கேட்கவில்லை. பக்கத்து வளவுச் சிவலிங்கத்தின் பெண்சாதி சொன்னாள், ‘காணாமற் போனார்’ சான்றிதழ் எடுத்தால் காணி உறுதி மாற்றலாமாம். உனக்கும் அந்த எண்ணம் இருந்தால் இப்போதே எழுதிவிடு. அவன் பேரில் உள்ள காணி அவன் வந்து எழுதிக் கொடுத்தால்தான் கை மாறும்.

பிள்ளை வடிவாகப் படிக்கட்டும்.

அக்கா


லண்டன்,
18.05.2024

அன்புள்ள அக்கா,

சுகமா? நாங்கள் சுகம்.

நீங்கள் அனுப்பின பேப்பர் கிடைத்தது. தர்சிகா அவளுடைய ஆசிரியரிடம் காட்டினாள். பெரிதாக ஒன்றும் இல்லையாம். ஏதோ வருடமும் இலக்கமும். சாமி சம்பந்தப்பட்ட சொற்களாகவும் இருக்கலாமாம். அவளும் கட்டுரையை வேறு பக்கம் திருப்பிவிட்டாள், கப்பல்களைப் பற்றி எழுதப் போகிறாள்.

ஆகவே மற்றப் பாதி தேவையில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இனி அதைச் சுரண்டவும் வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். காணியைப் பற்றி எனக்கு ஒரு எண்ணமும் இல்லை.

குளிசையை மறக்காமல் போடுங்கள்.

யோகன்


மானிப்பாய்,
09.06.2024

தம்பி யோகன்,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் தெரியவில்லை.

மாசியில் இரண்டு பக்கம். பங்குனியில் உப்புப் போத்தல், கரண்டி, மூங்கில் முளை எல்லாம் வைத்து இரண்டரைப் பக்கம். வைகாசியில் ஒரு கைப்பிடி வரி! இது எந்த ஊர் நியாயம்? படம் எடு, பென்சிலால் தேய் என்று காலைப் பிடித்தவன், இப்போது சுரண்டாதே, காட்டாதே என்கிறாய். பெரிதாக ஒன்றும் இல்லாத பொருளை ஏன் யாருக்கும் காட்டக்கூடாது?

ஒன்றில் அது பெரிய விலைக்குப் போகிற சாமான், நீ வாயை மூடிக்கொண்டு ஆள் அனுப்பப் போகிறாய். அல்லது அதில் ஏதோ கூடாத சங்கதி எழுதியிருக்கிறது. செய்வினைத் தகடா? என் சாமி அறையில் நூற்றறுபது வருடமாக யாருக்கோ வைத்த சூனியத்துக்கா நாங்கள் விளக்கு வைத்தோம்? எதுவென்றாலும் எழுது. நான் கேளாத கூடாத செய்தியா?

‘வருடமும் இலக்கமும்’ என்று எழுதின இடத்தில் பேனையை ஒரு தரம் எடுத்து வெட்டிவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறாய். முதலில் என்ன எழுதினாய் என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வாசிக்க முடியவில்லை. நீ சின்ன வயதில் கணக்குக் கொப்பியில் பிழைவிட்டால் இப்படித்தான் அழுத்தி வெட்டுவாய்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


லண்டன்,
30.06.2024

அக்கா,

எல்லோரும் நலம். இத்துடன் விற்றமின் குளிசை இரண்டு போத்தல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போடுங்கள்.

செய்வினை இல்லை. விலைக்கும் போகாது. வேலை கூடிவிட்டது, அதுதான் சுருக்கமாக எழுதினேன். தயவுசெய்து அந்தக் கதையை விடுங்கள்.

யோகன்


மானிப்பாய்,
28.07.2024

யோகநாயகத்துக்கு,

விற்றமின் வந்தது. மூடியைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசி.

பிறஷருக்குக் காட்டுகிற கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர் பிள்ளை வந்திருக்கிறாள். லவீனா. குருநகர் கடற்றொழில் ஜெயசுதனின் மகள். நல்ல பிள்ளை, ஊசி குத்தினால் தெரியாது. எங்கே அம்மா படித்தனீர் என்று கேட்டேன். “சைனாவிலை அன்ரி, ஆறு வருஷம்” என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பிறஷர் ஏறியிருக்கும்.

மூன்று கிழமை யோசித்தேன். அவளையும் சந்தேகித்தேன், அவளை அந்தக் கிளினிக்கில் போட்டவர்களையும் சந்தேகித்தேன். பிறகு போன வெள்ளிக்கிழமை காவலைத் துவாயில் சுற்றி, மரக்கறிப் பைக்குள் வைத்து, மேலே இரண்டு கத்தரிக்காய் போட்டுக் கொண்டுபோனேன். அவள் கையில் வாங்கின உடனே முகம் மாறிவிட்டது.

“அன்ரி, உது எங்காலை வந்தது?”

“எங்கடை வீட்டுக் காவல் பிள்ளை. மந்திரம் என்ன எண்டு வாசிச்சுச் சொல்லும்.”

“மந்திரம் இல்லை அன்ரி. உது ஒருத்தரின்ரை ஐசி.”

எனக்கு விளங்கவில்லை. அவள் விரலை வைத்து வாசித்தாள். பழைய எழுத்தாம், ஆனாலும் முக்கால்வாசி விளங்குகிறது என்றாள். மிச்சத்தைத் தன்னுடைய பழைய வாத்தியாரிடம் போனில் கேட்டாள். லியூ சாங்ஷுன். வயது இருபத்தொன்பது. டாக்கு முகாம், போர்வீரன். நடுத்தர உயரம். தாடி இல்லை. இடது புருவத்தில் தழும்பு. பிறகு ஊர்ப் பெயர். எங்கள் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே எல்லாம் இருக்கிறது, போட்டோ ஒன்றுதான் இல்லை. அந்தக் காலத்துச் சீனப் படையாள் இதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமாம்.

ஐசியை உயிரோடு இருக்கிறவன் கழற்றிக் கொடுப்பானா? அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? ஐசி இல்லாமல் நாங்கள் ஒரு சந்தி தாண்டியிருக்கிறோமா? முத்துக்குமாரு அதைச் செத்துக் கிடந்தவனின் இடுப்பிலிருந்து அவிழ்த்திருக்கிறார். ஏன் எடுத்தாரோ, என்ன நினைத்து எடுத்தாரோ, வீட்டாருக்கு உண்மையைச் சொல்லவில்லை. நாங்கள் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். அதன் சொந்தக்காரனே வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை யோகன். அதைத் தொட்டவன் திரும்பி வருவான் என்று பதினேழு வருடம் நான் விளக்கு வைத்தேன்.

சரி, அது முத்துக்குமாருவின் பாவம். இப்போது உன்னுடையதற்கு வருகிறேன். பலகையின் தலைப்பில், ‘இடுப்புப் பலகை’ என்று மற்ற எழுத்தைவிடப் பெரிதாக வெட்டியிருக்கிறதாம். அது மேல் பாதி. அந்தப் பாதியைத்தான் நான் உனக்கு அனுப்பினேன். ஆகவே வைகாசியிலேயே உனக்குத் தெரியும். என் மனம் நோகும் என்று ஒளித்தாய், அது வரைக்கும் விளங்குகிறது.

ஆனால் இதை இவ்வளவு லேசாக ஒளிக்கத் தெரிந்தவன் முன்பும் ஒளித்துப் பழகியிருக்க வேண்டும். நேற்று உன்னுடைய பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் அலுமாரியிலிருந்து எடுத்துத் திகதிப்படி அடுக்கினேன். 2007இலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் ‘கீர்த்தியைப் பற்றி ஏதும் அறிந்தீர்களா’ என்று கேட்டிருக்கிறாய். கடைசியாகக் கேட்டது 2010 ஆடி. அதற்குப் பிறகு வந்த கடிதம் ஒன்றிலும் இல்லை. ஒரு மாமன் மருமகனை ஒரே மாதத்தில் மறப்பானா? ஆவணியில் யார் உன்னிடம் வந்தது? என்ன சொன்னது?

எழுத்தில் வை.

உதயகலா


லண்டன்,
21.09.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஆறு கிழமை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. லவீனா டொக்டரின் நம்பரை மச்சாள் எப்படியோ எடுத்துவிட்டாள். இந்தக் கடிதம் வருகிற கிழமையில் உங்களை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பிள்ளையைச் சந்தேகிக்காதீர்கள்.

2010 ஆவணியில், இங்கே லண்டனில் கோயில் தேரன்று, டினேஸ் என்று ஒரு பெடியன் என்னைத் தேடி வந்தான். நீங்கள் மானிப்பாய் உதயகலா அன்ரியின் தம்பியா என்று கேட்டான். கீர்த்தியோடு ஒரே அறையில் இருந்தவன். எந்த இடம் என்று அவனுக்கும் தெரியாது, கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனார்களாம். ஒரு வீட்டின் பின்னறை, யன்னலைப் பலகையால் அடித்திருந்தார்கள்.

கீர்த்திக்குக் காய்ச்சல் பிடித்தது. மருந்து கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான் டினேஸ். ஒருவரும் வரவில்லை. 2007 மாசி 23, வெள்ளிக்கிழமை விடியப்புறமாய், டினேஸின் மடியில்தான் பிள்ளை கண்ணை மூடினான். பிறகு அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று அவனுக்குத் தெரியாது. அவனைப் பல மாதம் கழித்து ஒரு ஒழுங்கையில் இறக்கிவிட்டார்கள்.

நான் முதலில் நம்பவில்லை. எத்தனை பேர் எத்தனை கதை கொண்டுவந்தார்கள். ஆனால் அவன் ஒன்று சொன்னான். கீர்த்தி காய்ச்சலில் கிடந்து திரும்பத் திரும்பச் சொன்னதாம். “அம்மா குசினிக்குள்ளை இருந்து காவலைத் தொட்டியோ எண்டு கேட்டவ. அவசரத்திலை நான் தொடேல்லை. தொட்டனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன். அம்மாட்டைச் சொல்லு, நான் தொடேல்லை எண்டு.” காவல் என்றால் என்ன என்று டினேஸுக்குத் தெரியாது. என்னிடம் அர்த்தம் கேட்டான்.

அதைக் கேட்ட பிறகு உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை அக்கா. அத்தான் அப்போது நெஞ்சு வருத்தத்தோடு இருந்தார். அவர் போகட்டும் பிறகு சொல்வோம் என்றேன். அவர் போனார். பிறகு நீங்கள் தனிய, அந்தப் பலகைக்கு விளக்கு வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தீர்கள். அதை ஏன் பறிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். வைகாசியில் தர்சிகா அந்தப் பேப்பரில் உள்ளதை ஆசிரியரிடம் கேட்டு வந்து சொன்னபோது எனக்குப் பயம் பிடித்தது. ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியவரும் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது.

முத்துக்குமாரு செய்ததைத்தான் நானும் செய்தேன். திட்டுங்கள். பதில் எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
யோகன்


மானிப்பாய்,
11.10.2024

தம்பி,

லவீனா வந்தாள். இரண்டு நாள் இங்கேயே தங்கினாள். சோறு குழைத்துத் தந்தாள், சாப்பிட்டேன். பிறஷர் நூற்றெழுபது வரை போய் இறங்கியிருக்கிறது. உனக்கு இதற்கு மேல் என் சுகம் தேவையில்லை.

அழுதேன். பக்கத்து வளவுக்குக் கேட்கும் என்று தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு அழுதேன். தாங்கி நிரம்பி முற்றமெல்லாம் வழிந்தது. பெற்ற வயிறு எரிகிறதடா. தாய்க்குப் பொய் சொன்னேனே என்றா என் பிள்ளை அந்த இருட்டறையில் கிடந்து நொந்தான்? தொட்டிருந்தாலும் அது காத்திருக்காது ராசா என்று சொல்ல நான் பக்கத்தில் இல்லை.

உன்னை மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். பதினான்கு வருடம் வெயிலிலும் மழையிலும் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அங்கே வந்து நின்ற ஒவ்வொரு வானுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். நீ அறிந்துகொண்டு பேசாமல் இருந்தாய். இரக்கத்தில் இருந்தாய் என்று தெரியும். ஆனாலும் அது உன் செய்தி இல்லை யோகன், என்னுடையது.

அந்தச் சீனப் பிள்ளையின் பலகையைச் சாமி அறையிலிருந்து எடுத்து, சந்தனம் முழுவதையும் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தர்சிகாவை மார்கழியில் வரச் சொல். அவளிடமே கொடுக்கிறேன். கப்பலை விட்டுவிட்டு அந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பிக்கட்டும். அவனையும் பெற்றவள் ஒருத்தி படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

நேற்று ஐயரிடம் போனேன். அந்தக் கோட்டை விழுந்த திகதியைக் கொடுத்தேன். புத்தகம் பார்த்து, ஆவணி வளர்பிறைப் பஞ்சமி என்று சொன்னார். வருகிற வருடம் அவனுக்கும் ஒரு பிடி சோறு வைப்பேன், நூற்றறுபது வருடம் எங்கள் வீட்டில் இருந்தவன்.

பிறகு கீர்த்தியின் திகதியைக் கொடுத்தேன். வாயால் சொல்ல வரவில்லை, துண்டில் எழுதிக் கொடுத்தேன். ஐயர் திரும்பவும் புத்தகத்தைப் புரட்டினார். அன்று விடியும்வரை சஷ்டியாம், விடிந்தால் சப்தமியாம். எதில் என்று சொன்னால்தான் திவசத்துக்கு நாள் வைக்கலாம் அம்மா என்றார். நீ ‘விடியப்புறமாய்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

டினேஸ் பிள்ளை எங்கே இருந்தாலும் போய்ப் பார். அவனை நான் கேட்டதாகச் சொல், மடியில் வைத்திருந்ததற்குக் கும்பிட்டதாகச் சொல். கிழக்கு வெளுக்க முதலா, வெளுத்த பிறகா என்று அவனிடம் கேட்டு எழுது.

அக்கா